ஐப்பசி ஆப்பிளும் ஆடிப் பலாவும்

புரட்டாசி பிறந்து ஐப்பசி முடியும் வரையில் நம் கடைத்தெருக்களில் ஆப்பிள் குவிந்திருக்கும். ஹிமாசலத்திலும் காஷ்மீரத்திலும் அறுவடையாகும் காலம் அது. இனிப்பு மிகுந்த செந்நிற ஜாதியைச் சிம்லாவை அடுத்த கோட்கட்டில் 1916-ஆம் ஆண்டையொட்டிப் பயிராக்கியவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர். 1921-ல் நம் தேசத்துக்காகச் சிறை புகுந்தவர். ஆகவே ஆப்பிளை அந்நியப் பழமென்று ஒதுக்க வேண்டியதில்லை. விலைதான் யோசிக்கச் செய்கிறது.

அதற்கும் வழியுண்டு. அடிபட்ட பழங்களைக் கூறு கட்டி மலிவாக விற்பார்கள். கன்றிய இடத்தை அரிந்து நீக்கினால் போதும். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் முழுவதும் எறிந்துவிட வேண்டும். மீதியைத் தோலுடன் பொடியாக நறுக்கி, சிறிது நீரில் வேகவைத்து, வெல்லமும் உப்பும் எலுமிச்சஞ் சாறும் சேர்த்து, கடுகும் மிளகாயும் தாளித்தால் மாங்காய்ப் பச்சடிக்கு இளைத்ததாக இராது.

எனினும் சிக்கனத்தின் இலக்கணத்தை அறியக் கொல்லிமலைத் தேவனூர் நாட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆப்பிள் மரத்துக்கு நீண்ட கடுங்குளிர் தேவை; சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் அது இல்லை. இங்கே பலாவே அரசு செலுத்துகிறது. பிஞ்சு கறிக்கு, சுளை உண்பதற்கு, தோலும் சடையும் மாட்டுக்கு, கொட்டை மழைக்காலத்துக்கு என்று ஒன்றும் வீண்போவதில்லை. ஆனி, ஆடியில் எடுத்த கொட்டையை நிழலில் உலர்த்தி, செம்மண் பூசியோ உலர்ந்த மணலில் புதைத்தோ வைத்தால், காய்கறி விலை ஏறும் ஐப்பசி அடைமழையில் அது கைகொடுக்கும்.

நால்வருக்கு 30 கொட்டை போதும். உப்பிட்டு நன்றாக வேகவைத்து, மேல்தோலை உரித்து இரண்டாக வகிர்ந்துகொள்ளவும். பச்சையாக உண்பது ஆகாது. சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து விட்டு, குழம்புப் பொடி 2 கரண்டி போட்டுக் கொதித்ததும் கொட்டையைச் சேர்க்கவும். இறக்குமுன் தேங்காய் அரைத்து விட்டால் குழம்பு கெட்டிப்படும். வாயுவுக்கு அஞ்சுவோர் பெருங்காயத்தை மறவாதிருப்பார்களாக. மலையில் விளையும் சாமைச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் காண்பது ஒன்று உண்டு. ஆப்பிள் துண்டைத் திறந்து வைத்து உண்ணும் பிள்ளைகளுக்கு நடுவே, பலாக்கொட்டைக் கறி கொண்டுவந்த பிள்ளை மூடியால் மறைத்துக்கொண்டு உண்கிறது. மாவுச்சத்தும் புரதமும் நிறைந்த உணவுக்கு எதற்காக நாண வேண்டும்? கற்றறிந்த வீடுகளில் வாரம் ஒருமுறையேனும் இக்குழம்பு பெருமையுடன் பரிமாறப்படுமானால், அந்த மூடி தானே விலகும். மலைக்குடியானவன் வீட்டுக் கொட்டைக்கும் ஒரு விலை பிறக்கும்.