ட்ரூ டோன் போனது யார் குற்றம்?

நாகர்கோவில் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ செல்போன் கடையில் உடைந்த டிஸ்ப்ளேயை நீட்டினால், முதலில் வரும் கேள்வி: “ஒரிஜினலா, காப்பியா?” விலையைக் கேட்டதும் பலர் காப்பிக்கே தலையாட்டிவிடுகிறார்கள். கூடவே எந்தெந்த வசதி போகும் என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதே இல்லை.

அமோலெட் இருந்த இடத்தில் மலிவான எல்சிடி ஏறினால், திரைக்கு அடியிலுள்ள ஆப்டிகல் கைரேகை சென்சார் வேலை செய்யாது. எல்சிடியின் பின்விளக்கு அடுக்கு வெளிச்சத்தை மறைத்துவிடும்.

ஐபோன் கதை வேறு. சுற்றுப்புற வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ட்ரூ டோன், ஐபோன்களில் 2017-இல் வந்தது. அதற்கான அளவீட்டுத் தகவல் டிஸ்ப்ளேயில் உள்ள சிப்பிலேயே இருக்கிறது. விவரமான மெக்கானிக் பழைய டிஸ்ப்ளேயின் ஃப்ளெக்ஸ் பட்டையைக் கையடக்கப் புரோகிராமரில் செருகி, தகவலைப் படித்துப் புதியதில் எழுதிவிடுவார். சில நிமிட வேலைதான். பழையதைக் குப்பையில் போட்டுவிட்டால் சிக்கல்.

இதில் கடைக்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 2021-இல் வந்த ஐபோன் 13-இல் வெளிக்கடையில் திரையை மாற்றினால் ஃபேஸ் ஐடியே முடங்கியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ஆப்பிள் இறங்கிவந்தது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அளவீட்டு மென்பொருளும் அசல் உதிரிபாகமும் தக்கலையில் உள்ள சின்னக் கடைக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். மாற்றிய டிஸ்ப்ளே எந்த வகை, எந்த வசதி இருக்காது என்பதைக் கடைக்காரர் பில்லிலேயே எழுதித் தரவும் வேண்டும்.