‘ஈஸியா இளைச்சுட்டா’ என்னும் பொய்

‘ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இளைக்கிறதுல என்ன சாமர்த்தியம் இருக்கு? வாயைக் கட்டி, காலையில எழுந்து நடந்து இளைக்கணும். அதுதான் இளைக்கிறது!’ கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டியபடியே இதைச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. உடம்பின் எடையை ஒழுக்கத்துக்குப் போடும் மதிப்பெண் என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அவர் கணக்கில் பருமனாக இருப்பவர் சாப்பாட்டு ராமன், சோம்பேறி. எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரோ அதைவிட மோசம். பரீட்சையில் பிட் அடித்துப் பாஸானவர்.

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு வாயும் உண்டு, அது மருத்துவமனை விளம்பரம். ‘வலி இல்லை, தழும்பு இல்லை, மூன்றே நாளில் வீடு’ என்று ஒரு பலகை. பக்கத்தில், தொளதொளத்துப் போன பழைய பேன்ட்டை இடுப்பில் இழுத்துக் காட்டிச் சிரிக்கும் ஆள். உறவுக்காரர் இளக்காரமாகச் சொல்வதைத்தான் விளம்பரம் இனிக்க இனிக்கச் சொல்கிறது: இது சுலபம். இரண்டுமே பொய். அந்தப் பொய்யின் விலையை, அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் நோயாளி தன் உடம்பால் கட்டுகிறார்.

முதலில், வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இப்போது அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் என்னும் முறை. சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தி, இரைப்பையை நெடுக்குவாட்டில் வெட்டி, முக்கால் பங்குக்குமேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும் ஒடுங்கிய குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கப்பட்ட பகுதியில்தான். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். இரண்டுமே பெரிய அறுவைச் சிகிச்சைகள். வெளியே தெரியும் தழும்பு சிறியது என்பதற்காக உள்ளே நடந்த வேலை சிறியதாகிவிடாது.

‘மன உறுதி இருந்தால் இதெல்லாம் எதற்கு?’ என்பவர்களுக்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி. கடும் உடற்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் எடையைக் குறைப்பதுதான் பந்தயம். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துக் கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், 41 கிலோவைத் திரும்பப் போட்டிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு ஆண்டு கழித்தும் அந்த உடம்பு பஞ்ச காலத்துச் சிக்கனத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கானோர் பார்க்க வாயைக் கட்டி வியர்வை சிந்தியவர்களிடம் போய் மன உறுதி போதாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மறுபுறம், ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி நாலாயிரம் பேரைத் தொடர்ந்த ஆய்வொன்று, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு 29 சதவீதம் குறைவு என்று 2007-இல் காட்டியது. ஆகவே இது வைத்தியம், உயிர் காக்கும் வைத்தியம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரைப் பார்த்து ‘ஈஸியா தப்பிச்சுட்டான்’ என்று யாரும் சொல்வதில்லை.

சரி, சுலபம் என்கிறார்களே, அந்த வாரங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

என் சித்தி மகளுக்கு ஸ்லீவ் நடந்தது. சர்க்கரை அடங்கவில்லை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அறுவை நடந்த அன்று மாலையே கையைப் பிடித்து நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்று. மணிக்கொரு தரம், மூன்று பந்து கருவியில் மூச்சை உறிஞ்சிப் பந்துகளைத் தூக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேடையில் இருமல் டானிக் பாட்டிலின் மூடி ஒன்று நிரந்தரமாக இடம்பிடித்தது. தண்ணீர், வடிகட்டிய பருப்புத் தண்ணி, நீர்மோர், ரசத்தின் தெளிவு எல்லாம் அந்த மூடியில்தான். ஒரு மிடறு, கொஞ்சம் பொறுத்து அடுத்த மிடறு. இப்படியே நாள் முழுக்க ஒன்றரை லிட்டரை உள்ளே இறக்கியாக வேண்டும். பழக்க தோஷத்தில் அண்ணாந்து இரண்டு வாய் குடித்துவிட்டால் நெஞ்செலும்புக்குப் பின்னால் கல்லை வைத்து அழுத்துவது போல வலி. பிறகு நுரை நுரையாக எச்சில் மேலே வரும். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் கைபேசியில் ஓர் அத்தை: ‘என்னடி, எத்தனை கிலோ போச்சு?’

திரவ உணவு ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குப் பிறகு கூழ் பதத்தில் மசித்தது, அப்புறம் மெத்தென்றிருப்பது. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர இரண்டு மாதம் ஆகலாம். இதில் நம் வீட்டுச் சமையலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நாளொன்றுக்கு அறுபது கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் நம் கை தானாகப் போவது கஞ்சிக்கும் இட்லிக்கும்தான். கஞ்சி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. ஓர் இட்லியில் புரதம் இரண்டு கிராம் சொச்சம், ஒரு முட்டையில் ஆறு. காபி டம்ளர் அளவுகூட இல்லாத வயிற்றில் இட்லிக்கு இடம் கொடுத்துவிட்டால் முட்டைக்கும் பனீருக்கும் மீனுக்கும் இடம் ஏது? சைவ வீடுகளில் புரோட்டீன் பவுடர் இல்லாமல் இந்தக் கணக்கு நேராவது கடினம். போதாததற்கு, சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் தண்ணீர் கூடாது என்பது விதி. சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொரு சோறாகக் கரைத்து இறக்கியே வளர்ந்த நாக்குக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்பது, செய்து பார்த்தால்தான் தெரியும்.

வயிற்றின் பசி அடங்கினாலும் மனத்தின் பசி அடங்குவதில்லை. தாளிக்கிற வாசனைக்கு, மாலை நாலு மணி காபிக்கு, டிவி முன்னால் மிக்சர் கிண்ணத்துக்கு இருபது முப்பது ஆண்டாகப் பழகிய மனம் அது. ஆறுதலாக இருந்த ஒன்றை ஒரே நாளில் பிடுங்கியாயிற்று. முதல் மாதத்தில் ‘ஏன்தான் செய்துகொண்டேனோ’ என்று அழுகிறவர்கள் பலர். எதிர்த்துப் பேசத் தோன்றாத அந்த நேரத்தில்தான் ‘உனக்கென்ன, கத்தியை வச்சு முடிச்சுட்டே’ என்ற பேச்சும் காதில் விழுகிறது.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூண்டுக் குழம்பு, லேகியம், வெந்நீர் என்று ஒரு வீடே அவளைச் சுற்றி இயங்கும். வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அதே வீடு இந்த நோயாளி விஷயத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறது. ‘அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே’ என்று கைகழுவிவிடும். இல்லாவிட்டால், ‘ரெண்டு வாய் கூட இறங்கலையா? குடல் ஒட்டிக்கும்’ என்று ஊட்டிவிட வரும். தையல் ஆறாத குழாய்க்குள் அன்பால் திணிக்கப்படும் மூன்றாவது வாய், வாந்தியாகத் திரும்பி வரும்.

வாந்திதான் நான் இவ்வளவு எழுதக் காரணம். ‘இந்த ஆபரேஷன்னா வாந்தி வரத்தான் செய்யும்’ என்று வாரக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1-ஐ உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. உணவும் இறங்காமல், இறங்கியதும் வாந்தியாகப் போனால் அது தீர்ந்துவிடும். கண் ஆடும், பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். கவனிக்காவிட்டால் மூளைக்கு நிரந்தரச் சேதம். தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிய ஊர்களில் ஒரு காலத்தில் பெரிபெரியாகப் பரவிய அதே குறைபாடுதான் இது. இந்த நிலையில் இருப்பவருக்கு பி1 ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். தெருமுனை கிளினிக்கில் ‘ரொம்ப டயர்டா இருக்கு’ என்று போய்ப் படுத்தால் முதலில் ஏற்றுவது எதை?

அந்தக் கிளினிக் டாக்டரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிட் அடித்துப் பாஸானவள் என்ற பேச்சுக்குப் பயந்து, ‘ஹெர்னியா ஆபரேஷன்’, ‘பித்தப்பைக் கல்’ என்று ஊருக்குச் சொன்ன பொய்யையே அவரிடமும் சொல்லியிருப்பார்கள். முதுகுவலிக்கு அவர் டைக்ளோஃபெனாக் எழுதுவார். வெட்டித் தைத்த வயிற்றில் அது புண்ணை உண்டாக்கக்கூடியது. சாப்பாடு பத்தில் ஒரு பங்காகியிருக்க, பழைய அளவிலேயே சுகர் மாத்திரையைத் தொடரச் சொல்வார். சர்க்கரை தாழ்ந்து நோயாளி மயங்கி விழுவார். நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது இவையெல்லாம் தையலில் கசிவு இருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். அறுவை நடந்ததே தெரியாதவர் இதை ‘கேஸ்’ என்று சொல்லி அனுப்பிவிட இடம் உண்டு. ஊர் வாய்க்குப் பயந்து மறைப்பது உயிருக்கே உலை வைக்கும். இந்த ‘குறுக்கு வழி’ப் பேச்சை வெறும் வம்பு என்று ஒதுக்க என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானே நின்று மறுபடி முளைக்கும். ஆனால் அதற்குள் ‘சீக்குக்காரி மாதிரி ஆயிட்டியே’ என்ற தீர்ப்பு வந்துவிடும். வேகமாக இளைக்கிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரக்கூடும். அதற்கும் சில மாதம் மாத்திரை. நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு எடை இறங்கியதும் மாதவிடாய் சீராகி, கரு தங்கும் வாய்ப்பு கூடும். குறைந்தது ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கருத்தரிக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். மாமியார் கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான்: ‘அதான் இளைச்சாச்சே, இனிமே என்ன?’

‘பண்ணிக்கிட்டவங்களே மறுபடி குண்டாகுறாங்களே’ என்று ஒரு குறுக்குக் கேள்வி எப்போதும் வரும். ஆமாம், சிலர் ஆகிறார்கள். சத்து மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு ஆண்டுதோறும் போக வேண்டும், புரதத்தையும் நடையையும் விடக் கூடாது. இவ்வளவு கேட்கும் ஒரு வழியைக் குறுக்கு வழி என்று சொல்கிறவர்தான் கணக்கை விளக்க வேண்டும். 2025-இல் எடை குறைக்கும் ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. அதே ஏச்சு இப்போது ஊசி பக்கமும் திரும்பிவிட்டது. கத்தியானாலும் ஊசியானாலும், பருமனானவர் கஷ்டப்பட்டே இளைக்க வேண்டும், அந்தக் கஷ்டத்தை நாம் கண்ணால் பார்க்கவும் வேண்டும் என்பதுதான் இந்த ஏச்சின் உள்நோக்கமோ என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாரும் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிப்படி, பிஎம்ஐ 40-ஐத் தொட்டவர்களுக்கும், 35 அல்லது அதற்கு மேல் இருந்து அடங்காத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடும் மூச்சடைப்பு போன்றவை உள்ளவர்களுக்கும், மற்ற வழிகள் பலிக்காதபோதுதான் காப்பீடு இதற்குக் கைகொடுக்கும். கல்யாணத்துக்கு முன் பத்துக் கிலோ குறைக்க நினைப்பவருக்கான வைத்தியம் இல்லை இது. ‘மூன்றே நாளில் வீடு’ என்று பலகை வைப்பவர்கள், நான்காம் நாளிலிருந்து நடப்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய எடை. அவர்களில் சிறு பங்கினர்தான் அறுவை மேசை வரை போவார்கள். போய் வருகிறவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். எத்தனை கிலோ போச்சு என்று கேட்காதீர்கள். இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு இறங்கியது, மருந்து போட்டாயிற்றா, வாந்தி உண்டா என்று கேளுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, ‘சரியாயிடும்’ என்று சொல்லாமல், டிஸ்சார்ஜ் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அறுவை செய்த மருத்துவமனைக்கே அழைத்துப் போங்கள்.