புரோப்பிலீன் கிளைக்கால்: மருத்துவப் பயன்பாடும் பாதுகாப்பும்

புரோப்பிலீன் கிளைக்கால் என்பது மருந்துகளில் கரைப்பானாகப் பயன்படும் ஒரு கரிமச் சேர்மம் ஆகும். இதன் மூலக்கூறில் 3 கரிம அணுக்களும் 8 ஐதரசன் அணுக்களும் 2 ஆக்சிசன் அணுக்களும் உள்ளன. நிறமற்றதும் சற்றே இனிப்பதுமான இந்நீர்மம் நீருடன் எல்லா விகிதங்களிலும் கலக்கும். 2025 ஆம் ஆண்டில் இந்தியாவில் இருமல் மருந்து உட்கொண்ட குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, இத்தகைய கரைப்பான்களின் தூய்மை மீண்டும் கேள்விக்குள்ளானது.

மருத்துவப் பயன்பாடு

நீரில் எளிதில் கரையாத மருந்துகளைக் கரைக்க இது உதவுகிறது. குழந்தைகளுக்கான பாகு மருந்துகள், லோராசெப்பாம், டயாசெப்பாம், பெனிட்டாயின் ஆகிய ஊசி மருந்துகள், தோலில் பூசும் களிம்புகள் ஆகியவற்றில் இது சேர்க்கப்படுகிறது.

பாதுகாப்பு

உடலில் சேரும் புரோப்பிலீன் கிளைக்காலின் ஒரு பகுதி மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. எஞ்சியது பெரும்பாலும் கல்லீரலில் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. எனவே குறைந்த அளவில் இது தீங்கற்றது. லோராசெப்பாம் ஊசி மருந்தை மிகுந்த அளவில் தொடர்ந்து பெறும் நோயாளிகளுக்கு இரத்தத்தில் அமிலத்தன்மை கூடலாம். பச்சிளங்குழந்தைகளின் உடல் இதனை மெதுவாகவே சிதைப்பதால் அவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

நச்சுக் கலப்பு

பெரும் உயிரிழப்புகளுக்குக் காரணம் இக்கரைப்பான் அன்று; இதனுடன் கலந்தோ இதன் பெயரிலோ வரும் டை எத்திலீன் கிளைக்கால் ஆகும். தொழிற்சாலைகளில் பயன்படும் இதுவும் நிறமற்றது, இனிப்பானது. பார்வையாலோ சுவையாலோ வேறுபடுத்த இயலாது. உடலில் இதிலிருந்து உருவாகும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரக நுண்குழல்களைச் சிதைக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, சிறுநீர் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

1937: ஐக்கிய அமெரிக்காவில் சல்பானிலமைடு மருந்தை டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்தின் சுவை, மணம், தோற்றம் மட்டுமே சோதிக்கப்பட்டிருந்தன, நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. இதன் விளைவாக 1938 இல் புதிய மருந்துச் சட்டம் இயற்றப்பட்டது.

2006: சீனாவிலிருந்து எசுப்பானியா வழியாகப் பனாமா சென்ற நச்சு நீர்மம், கிளிசரின் என்ற பெயரில் இருமல் மருந்தில் சேர்ந்தது. இடையிலிருந்த வணிகர் எவரும் அதனைச் சோதிக்கவில்லை.

2022: காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளும் இந்தோனேசியாவில் 200 அளவிலான குழந்தைகளும் இறந்தனர்.

2025: மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் மருந்தில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தமிழ்நாடு அரசின் ஆய்வு கண்டறிந்தது.

தொடரும் காரணம்

அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 விழுக்காடு மட்டுமே. 2025 இல் காணப்பட்டது அதனினும் கிட்டத்தட்ட 500 மடங்கு மிகுதி. இதனை நுண்ணிய மாசு எனக் கருத முடியாது. மென்படல நிறப்பகுப்பியல் போன்ற எளிய சோதனையிலேயே அகப்பட்டிருக்கும். துல்லியமான அளவை வாயு நிறப்பகுப்பியல் தரும்.

ஆகவே, இங்கு குறைபாடு அறிவியலில் இல்லை. விதிகளும் முன்பே இருந்தன. மூலப்பொருள்களின் ஒவ்வொரு தொகுதியையும் சில ஆலைகள் சோதிப்பதில்லை என்பதை 2025 அக்டோபரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலரே சுட்டிக்காட்டினார். விற்பவர் தரும் சான்றிதழ் பீப்பாயில் உள்ளதைக் காட்டாது. மருந்து கலக்கும் முன் ஒவ்வொரு பீப்பாயையும் ஆலையே சோதிப்பதும், அப்பதிவுகளை அரசு அலுவலர்கள் நேரில் சரிபார்ப்பதுமே இதற்கான தீர்வாகும்.