அரை மதிப்பெண்ணின் மதிப்பு



"விடை சரிதான், அலகு எழுதவில்லை என்று அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள் சார்!" என்று எங்கள் தெருப் பிள்ளைகள் என்னிடம் புகார் சொல்வதுண்டு. நானும் வகுப்பில் அப்படிக் குறைத்தவன்தான். அது நியாயம் என்பதே இன்றும் என் கருத்து. அலகு இல்லாத எண், பாதி விடைதான்.

1983 ஜூலை 23. கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து எட்மன்டனுக்கு ஒரு விமானம் கிளம்பியது. பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. எரிபொருள் காட்டும் கருவி பழுது. எனவே தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளந்து, அதை எடையாக மாற்றினார்கள். ஒரு லிட்டரின் எடை சுமார் 0.8 கிலோ, பவுண்டு கணக்கில் 1.77. அப்போது கனடா பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். பழைய வழக்கப்படி 1.77ஆல் பெருக்கிவிட்டு, வந்த விடையைக் கிலோ என்று நினைத்துக்கொண்டார்கள். தேவையானதில் பாதிகூட விமானத்தில் இல்லை!

நடுவானில் இரண்டு இன்ஜின்களும் நின்றுவிட்டன. விமானி பியர்சன், இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். காற்றில் மிதக்கவிட்டே, கிம்லி என்ற ஊரின் பழைய விமானதளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். பெருக்கலில் தவறில்லை, அலகில்தான் தவறு.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். கால்குலேட்டர் காட்டும் எல்லா இலக்கங்களையும் அப்படியே எழுதுவது! உங்கள் நோட்டை ஸ்கேலால் அளக்கிறீர்கள். நீளம் 20.3 செ.மீ., அகலம் 16.1 செ.மீ. பரப்பு 326.83 ச.செ.மீ. என்கிறது கால்குலேட்டர். ஆனால், மில்லிமீட்டருக்குக் கீழே உங்கள் ஸ்கேலுக்குத் தெரியாதே! இரண்டு அளவிலும் மூன்று முக்கிய எண்ணுருக்களே உள்ளன. எனவே விடையிலும் மூன்றுதான்: 327 ச.செ.மீ. அளக்காததை அளந்ததுபோல் காட்டுவது, அறிவியலில் பொய் சொல்வதாகும்.

"தேர்வில் அதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பீர்கள். கடைசி வரியில் மட்டும் அலகை ஒட்டவைக்காமல், ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு சேர்த்தே எழுதிப் பாருங்கள். லிட்டரை, 'ஒரு லிட்டருக்கு 1.77 பவுண்டு' என்பதால் பெருக்கினால், லிட்டர் அடிபட்டுப் பவுண்டு மிஞ்சும். "கிலோ அல்லவா வேண்டும்?" என்று அப்போதே விழித்துக்கொள்வீர்கள்.

அரை மதிப்பெண் போனதற்காக ஆசிரியர்மேல் கோபப்படாதீர்கள். விடைத்தாளில் தவறினால் போவது அரை மதிப்பெண்தான், விமானத்தில் தவறினால்?