சங்கத்து வண்டிக்கு எத்தனை அடித் தட்டு வேண்டும்?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் நான் பார்வையிடச் செல்லும் சங்கங்கள் சிலவற்றின் தீர்மானப் புத்தகங்களில், சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வாங்குவதென்ற தீர்மானத்தை அண்மையில் கண்டேன். வரவேற்கத்தக்க தீர்மானமே. ஆனால் ஒரு புத்தகத்தில் அதன் கீழ், "கிடைப்பதில் நீளமான பாடி உள்ளதாக" என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றியே அங்கத்தினர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

2005இல் வந்த டாட்டா ஏஸ், நம் மக்கள் வழக்கில் குட்டி யானை, ஏழடிக்குச் சற்று மிகுந்த தட்டும் ஏறத்தாழ முக்கால் டன் பாரமும் கொண்டது. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்துக்கு எட்டடிக்குச் சற்று மேல். பாரம் ஒன்றேகால் டன். பொலேரோ பிக்கப் ஒன்பதடியிலும் பத்தடியிலும் கிடைக்கிறது. பாரம் வகைக்கு வகை மாறும்.

இவற்றுள் எது வேண்டும் என்பதை நம் சரக்குதான் சொல்ல வேண்டும். நாற்பது கிலோ நெல் மூட்டைகளில் பதினெட்டை ஏற்றினால் குட்டி யானையின் எடை நிறைந்துவிடும். மேலே இடம் வெறுமனே கிடக்கும். நூல் பேலும் அத்தகையதே. பத்து ராத்தல் கட்டுகள் நாற்பது கொண்ட பேல் ஒன்று 181 கிலோ; நான்கோடு முடிந்தது. இத்தகைய சரக்குக்குத் தட்டின் நீளம் பயன்படுவதில்லை. கூடுதல் பாரம் ஏற்றும் ஆசையைத்தான் அது தூண்டும்.

காய்கறியின் கணக்கு வேறு. கோயம்பேட்டுக்குச் செல்லும் பிளாஸ்டிக் கூடை பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உடையது. ஐந்தரை அடி அகலமுள்ள ஒன்பதடித் தட்டில் குறுக்கே நான்கு, நெடுக்கே நான்கு, ஆக அடுக்குக்குப் பதினாறு அமரும். நான்கு அடுக்கில் 64 கூடைகள். கூடையும் காயுமாக 22 கிலோ என்று கொண்டால் 1,408 கிலோ. பத்தடித் தட்டிலோ 80 கூடைகள் ஏறும்; எடை 1,760 கிலோ. பதிவுப் புத்தகத்தில் அனுமதி ஒன்றரை டன் என்றிருந்தால், அந்த ஓரடி நமக்குச் சம்பாதித்துத் தருவது அபராதமே. அகலத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. தட்டு ஐந்தடிக்குள் இருந்தால் குறுக்கே நான்காவது கூடை அமராது. நெசவாளர்களும் பாவு சுற்றிய பீமைக் குறுக்கே கிடத்த முடியுமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

பெயர் வேண்டாம், ஒரு நெசவாளர் சங்கம். பொங்கல் வேட்டி சேலைச் சரக்கை மனத்தில் வைத்துப் பத்தடி வண்டி வாங்கினார்கள். அந்தச் சரக்கு ஆண்டில் சில நாட்களே வருவது. மற்ற நாட்களில் பெரும்பாலான நடைகளுக்குப் பாதித் தட்டுகூட நிறையவில்லை என்பதை வண்டிப் பதிவேடே காட்டிற்று. தறி வீடுகள் உள்ள தெருவில் அவ்வண்டி திரும்பாது. முனையிலேயே நிறுத்தி, நூலைத் தலைச்சுமையாகக் கொண்டு போனார்கள். அந்தக் கூலிச் சீட்டுகளைத் தணிக்கை செய்தவன் நான்தான்.

"கும்மிடிப்பூண்டியிலிருந்து இரும்புக் கம்பி, குழாய் ஏற்ற நீளம் வேண்டாமா?" என்று காரியதரிசி ஒருவர் கேட்டார். கம்பி பொதுவாக நாற்பதடி; பாசனக் குழாய் இருபதடி. ஏழடிக்கும் அடங்காதது பத்தடிக்கும் அடங்காது. பாதி நீளம் பின்னால் தொங்க, நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து இருசக்கர வண்டியில் வரும் தொழிலாளியின் கண்ணுக்கு அந்தத் துணி தெரியுமா? பின் அச்சுக்கு அப்பால் பாரம் மிகுந்தால் முன்சக்கரத்தின் பிடியும் தளரும், ஸ்டியரிங் சொன்னபடி கேளாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, மிகைப்பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும், வரம்பு மீறி நீட்டிய சரக்குக்குத் தனியாக 20,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. கம்பிக்கு வாடகை லாரி பேசுவதே சரி.

ஓட்டுநர் உரிமம் பற்றிச் சிலர் ஐயுறுகிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு இலகு ரக உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

என் அபிப்பிராயம் இது: தனித்து வாங்கும் நெசவாளர் சங்கத்திற்கு ஏழு அல்லது எட்டடி போதும். விவசாயிகள் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஒரே ஊரில் இருந்தால், இரண்டும் கூடி ஒன்பதடி வண்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். காய் விடியுமுன் புறப்படும். நூலும் துணியும் பகலில் போகலாம். செலவைக் கிலோமீட்டர் கணக்கில் பகிர்ந்துகொள்ள ஒரு பதிவேடு போதும்.

முன்பணம் கட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். சங்கக் கிடங்கின் தரையில் தட்டின் நீள அகலத்தைச் சுண்ணாம்பால் கோடிட்டு, ஒரு சாதாரண நாளின் சரக்கை அதற்குள் அடுக்கிப் பாருங்கள். பிறகு அளவு நாடாவுடன் தெருமுனைக்குப் போங்கள்.