எட்டு மணி இருக்கும்

பலெர்மோவில் அக்கா வீட்டில் போய் இறங்கிய மறுநாள் காலை. பேத்தி புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரம் போய்விட்டது. குசினிக்குள் இருந்து அக்கா "வா, வா!" என்று சத்தம் போட்டா. பிள்ளை ஒரே ஓட்டமாகப் படியிறங்கிப் போய்விட்டது.

"வா எண்டு கூப்பிட, இவள் ஏன் போறாள்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. இத்தாலிய மொழியில் 'வா' என்றால் போ.

எனக்கு அது தெரியாமல் இல்லை. புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே யாழ்ப்பாணத்தில் இருந்து அந்த வினையை உருப்போட்டிருக்கிறேன்: வாடோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வான்னோ. போகிறேன், போகிறாய், போகிறான் என்று வரிசையாக. நடுவில் 'அந்' என்று தொடங்கும் இரண்டும் வேறொரு வேரில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. இதெல்லாம் பாடம். ஆனால் காதில் விழும்போது ஊர்க்காதுதான் முந்திக்கொள்கிறது.

என்னிடம் இருந்தது ஒரு பழைய வினைப் புத்தகம். ஒரு வினைக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு 21 பெட்டி. நடந்ததை நடந்தபடி சொல்லும் 'இந்திகத்தீவோ'வுக்கு மட்டும் 8. ஐயம், ஆசை, அச்சம் எல்லாவற்றையும் சுமக்கும் 'கொன்ஜுந்தீவோ'வுக்கு 4. 'செய்வேனே, ஆனால்...' என்று இழுக்கும் 'கொந்தித்சியொனாலே'வுக்கு 2. ஏவலுக்கு 1. மிச்சம் ஆறும் நம்முடைய எச்சங்களையும் தொழிற்பெயரையும் போன்றவை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் படிப்பித்தவள் நான். என்றாலும் அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன்: தேடு, தேடினேன் என்கிற நாம் போடு, போடினேன் என்றா சொல்கிறோம்? வா என்பது வந்தேன் ஆவதற்கு எந்தப் பிள்ளை காரணம் கேட்டது?

பெட்டிகளை விட அழுத்தம்தான் ஆளைக் கவிழ்த்தது. 'பார்லோ' என்று முதல் அசையில் ஊன்றினால் கதைக்கிறேன். கடைசி அசையில் ஊன்றினால் கதைத்தான், அல்லது கதைத்தாள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. கீழ்வீட்டு மனிசியிடம் 'நான் தமிழ் கதைக்கிறேன்' என்று பெருமையாகச் சொன்னேன். அவ சுற்றும் முற்றும் பார்த்து "கி?" என்றா. யார் கதைத்தது என்று கேட்கிறா.

அடுத்தது மீன். பலெர்மோவின் பழைய சந்தைகளில் பல்லரோ என்று ஒன்று. விற்கிறவர்கள் ராகம் போட்டுக் கூவுவார்கள். நம்மூர்ச் சூடை மாதிரி ஒரு மீன் வெள்ளி மினுக்கத்தோடு பனிக்கட்டியில் கிடந்தது. எப்போது வந்தது என்று கேட்டேன். "அர்ரிவாரொனோ ஸ்தமத்தீனா" என்றான். இரண்டாவது சொல் 'இன்று காலை'. முதலாவதைக் கேட்டுத்தான் திடுக்கிட்டேன். அது 'பஸ்ஸாத்தோ ரெமோத்தோ'. தொலைந்த இறந்தகாலம். என் புத்தகத்தில் அந்தப் பெட்டிக்குக் கீழே இருந்த உதாரணம், தாந்தே 1265 இல் பிறந்தார் என்பது. இன்றோடு தொடர்பு அறுந்துபோன காரியங்களுக்குத்தான் அந்தக் காலமாம்.

"அக்கா, வேண்டாம். பழைய மீன்."

"ஆர் சொன்னது?"

"அவனே சொல்லுறான்."

அக்காவுக்கு இலக்கணம் விளங்கவில்லை, மீன் விளங்கியது. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கிலோ வாங்கினா.

இரவு பெறாமகள் எனக்குப் பாடம் எடுத்தாள். அவள் மிலானோவில் நாலு வருடம் படித்தவள். வடக்கே வாய்ப்பேச்சில் 'ரெமோத்தோ' அநேகமாக இல்லை. முப்பது வருடத்துக்கு முந்திச் செத்த தாத்தாவையும் 'பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ'வில், அதாவது கிட்டிய இறந்தகாலத்தில்தான் சொல்வார்கள். புத்தகத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையிலும்தான் மற்றது வரும். தொஸ்கானாக்காரர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். என் புத்தகம் அவர்களுடைய கணக்கு. சிசிலியில் தலைகீழ். காலையில் நடந்து முடிந்ததா, முடிந்ததுதான், 'ரெமோத்தோ' போடு. "சித்தி, நீங்கள் வாய் திறந்தால் மிலானோக்காரர் மாதிரிக் கிடக்கு" என்றாள். பாராட்டு இல்லை என்று முகம் சொன்னது.

அந்தக் காலம் இலேசானதும் அல்ல. எடுத்தேன் என்பதற்கு 'ப்ரேசி', எடுத்தாய் என்பதற்கு 'ப்ரெந்தெஸ்தி', எடுத்தான் என்பதற்கு 'ப்ரேசே'. இப்படி ஆறில் மூன்று ஒழுங்காக நிற்கும், மூன்று முறுக்கிக்கொள்ளும். நான் இதற்கு ஒரு கொப்பி முழுக்க எழுதினேன். அக்கா 1991 இல் போனவ. ஒரு வயோதிப மாதுவைப் பராமரிக்கும் வேலையில் பத்து வருடத்துக்கு மேல் இருந்து, அந்த மனிசியின் வாயைப் பார்த்தே படித்தவ. எந்தப் பெட்டியையும் கண்டதில்லை. 'வந்தேன், எடுத்தேன், போட்டேன்' எல்லாம் முறுக்கிய வடிவத்தில் தண்ணீராக ஓடுகிறது.

எனக்கும் ஒரு நாள் வந்தது. எங்கோ ஒரு கோயில் மணி அடித்தது. நேரம் என்ன என்று அக்கா கேட்க, அத்தான் மணிக்கூட்டைப் பாராமலே "சரான்னோ லே ஒத்தோ" என்றார். 'சரான்னோ' எதிர்காலப் பெட்டியில் இருப்பது. எட்டாகும் என்கிறாரா? இல்லை. எட்டு மணி இருக்கும் என்கிறார். எழும்பி நின்று கைதட்டலாம் போல இருந்தது. நாமும் அதைத்தானே செய்கிறோம்! கதவு தட்டினால் 'யாராயிருக்கும்', ஒருவனைக் கண்டால் 'முப்பது வயதிருக்கும்'. எதிர்காலம் ஒன்றுமில்லை, ஊகம். இத்தாலியிலும் அப்படியே: 'கி சரா', 'அவ்ரா த்ரெந்தான்னி'. நன்னூலில் படித்த முக்காலமும் மணிக்கூட்டோடு கட்டியவை அல்ல என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. நானும் படிப்பிக்கவில்லை.

இதே பாதையில் எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தவர் வீரமாமுனிவர். 1680 இல் கஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற வட இத்தாலிய ஊரில் பிறந்தவர். நம்முடைய பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738 இல் தரங்கம்பாடியில் அச்சானது. இலக்கணப் பண்டிதர்கள் கொடுந்தமிழ் என்று ஒதுக்கிய பேச்சை உட்கார்ந்து எழுதிவைக்க, ஒரு வெளியூர்க்காரர் வேண்டியிருந்தது.

கொன்ஜுந்தீவோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இத்தாலியர் கோபிப்பார்கள். அது அவர்களுக்கு மானப் பிரச்சினை. மரியாதையாக ஏவும்போது ஏவல் வடிவம் உதவாது, கொன்ஜுந்தீவோதான் வரவேண்டும்: 'வாதா', போங்கள். அதை 'வாதி' என்று சொன்னால் படிப்பில்லாதவர். 1975 இல் வந்த 'ஃபந்தோத்ஸி' படத்தில் இரண்டு கந்தோர் எழுதுவினைஞர்கள் அதிகாலைப் பனிமூட்டத்தில் டென்னிஸ் ஆடிக்கொண்டே இந்த மரியாதை வடிவத்தைக் குழப்பியடிப்பார்கள். இத்தாலி இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறது. மரியாதைக்கு 'லேய்', அதாவது 'அவள்' என்ற சொல்லையே முன்னிலைக்கும் வைத்திருக்கிறார்கள். 1938 இல் முசோலினி ஆட்சி அதை விலக்கி 'வோய்' சொல்லும்படி உத்தரவிட்டது. உத்தரவு போய்விட்டது, 'லேய்' இருக்கிறது. தெற்கே வயதானவர்களிடம் 'வோய்'யும் கேட்கும். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தாளுக்கு இதில் அதிசயம் இல்லை.

ஆனால் அந்தக் கொன்ஜுந்தீவோ எனக்கு விளங்கியது புத்தகத்தில் அல்ல, தெருவில். 1624 கொள்ளைநோயில் இருந்து ஊரைக் காப்பாற்றியதாக நம்பப்படும் புனிதை ரொசாலியாவுக்கு ஜூலை 14 இரவு பெருவிழா. தேர் நாற்சந்திக்கு வந்ததும் நகர முதல்வர் பூ வைத்துவிட்டு, "வீவா பலெர்மோ" என்று தொடங்கிப் புனிதையின் பெயரையும் சேர்த்துக் கூவுகிறார். அருகே நம்முடைய ஆட்கள், நெற்றியில் திருநீறு; அவர்களும் கூவுகிறார்கள். 'வீவா', 'வாழ்' என்ற வினையின் கொன்ஜுந்தீவோ. வாழ்க! வியங்கோள் வினைமுற்று என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்.

தமிழ் ஓரிடத்தில் அவர்களைச் சுலபமாக வெல்கிறது. 'செ அவெஸ்ஸி சபூத்தோ, சரேய் வெனூத்தா': இதற்கு இரண்டு துணைவினை வேண்டும், கொன்ஜுந்தீவோ ஒன்று, கொந்தித்சியொனாலே ஒன்று, போதாதற்குச் சொல்கிறவள் பெண் என்று கடைசி 'ஆ' காட்டிக்கொடுக்கவும் வேண்டும். பேச்சில் பலர் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு 'செ லோ சபேவோ, வெனீவோ' என்று சாதாரண இறந்தகாலத்திலேயே முடித்துவிடுகிறார்கள். நமக்கு இரண்டே சொல். தெரிஞ்சிருந்தால் வந்திருப்பன். அம்மா போனபோது பாதையும் பூட்டு, தொலைபேசியும் இல்லை. அக்காவுக்குச் செய்தி போகப் பதினொரு நாள். அந்த இரண்டு சொல்லை அவ இத்தாலியனில் சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்புவதற்கு முதல் நாள் பேத்தி என்னை விளையாடக் கூப்பிட்டாள். "நான் ரீச்சராக இருந்தேன், நீங்கள் பிள்ளையாக இருந்தீர்கள்" என்று இத்தாலியனில் சொன்னாள். 'இயோ ஏரோ, து ஏரி.' இறந்தகாலம்தான், ஆனால் எப்போதும் நடக்காதது. இத்தாலியக் குழந்தைகள் பாவனை விளையாட்டை இந்தக் காலத்திலேதான் அமைக்கிறார்கள். நான் நிலத்தில் இருந்தேன். அவள் என்னுடைய வினைப் புத்தகத்தையே எடுத்துப் பிரித்துக் கதிரையில் ஏறி நின்றாள்.

"சின்னம்மம்மா, சொல்லுங்கோ."

"பார்லோ" என்றேன்.

"பிழை" என்றாள். "இன்னொருக்கா."