ஒரு கிலோவுக்கு ஐந்து ரூபா

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் வாசிக்கலாம். வகுப்பிலும் உங்களில் சிலர் அப்படித்தானே.

நேற்று எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அரிசியைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றதாக ஒரு சின்னக் கடைக்காரரை அதிகாரிகள் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். கீழே, "பதுக்கல் கள்ளர்", "இவங்களைப் பிடிச்சு உள்ளுக்கை போடவேணும்" என்று வரிசையாகக் கருத்துகள். எழுதியவர்களில் இரண்டு பேர் என்னிடம் இலாப நட்டக் கணக்குப் படித்தவர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்த விலைப்படி நாட்டரிசி மொத்த விலை கிலோ 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. கடைக்காரருக்கு மிஞ்சுவது ஐந்து ரூபா. லொறிக்கூலி, மின்சாரம், பை, எலி தின்றது, நிறுக்கும்போது சிந்தியது எல்லாம் அந்த ஐந்து ரூபாவுக்குள்தான். கூட விற்றுப் பிடிபட்டால், 2021இல் திருத்திய சட்டப்படி தனி வியாபாரிக்குத் தண்டம் ஆகக் குறைந்தது ஒரு லட்சம் ரூபா. ஒரு லட்சத்தை ஐந்தால் பிரியுங்கள். இருபதாயிரம் கிலோ! நாளுக்கு ஐம்பது கிலோ விற்கும் கடை நானூறு நாள் விற்றால்தான் அந்தத் தண்டத்தைக் கட்டலாம். அதுவும் மொத்த வியாபாரி 225க்குக் கொடுத்தால். கொடுக்காவிட்டால்? "அரிசி இல்லை" என்று சொல்லிவிட்டு இருப்பதுதான் அவருக்குப் புத்தி. தட்டுப்பாடு இப்படியும் பிறக்கிறது.

இதை எழுதுகிற எனக்கு ஒரு கடன் இருக்கிறது. 2021 ஆவணி, புரட்டாதி மாதங்களில் பால்மாவுக்கு அலைந்தது நினைவிருக்கும். பேரப்பிள்ளைக்காக நானும் அலைந்தேன். எங்கள் சந்திக் கடைக்காரர் என் பழைய மாணவன். "இல்லை சேர்" என்றான். மேசைக்குக் கீழே இரண்டு பக்கெற் என் கண்ணில் பட்டுவிட்டது. பத்துப் பேருக்கு முன்னால் சத்தம் போட்டேன்: "உன்னை நான் இதுக்கோ படிப்பிச்சனான்?" அவன் ஒன்றும் பேசாமல் ஒரு பில்லை எடுத்து நீட்டினான். ஒரு பெட்டி பால்மா வேண்டுமென்றால் கூடவே விலைப்படாத பிஸ்கற் இரண்டு பெட்டி எடுத்தாக வேண்டும். பிஸ்கற் நட்டத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு பக்கெற்றிலும் அவனுக்குக் கைநட்டம். அந்த இரண்டும், காலையிலேயே காசு கொடுத்துவிட்டுப் போன ஒரு பிள்ளைத்தாய்ச்சியுடையவை. "சேர் படிப்பிச்ச கணக்குத்தான் சேர்" என்றான். முப்பத்தொரு வருடம் படிப்பித்ததற்கு அன்று எனக்குத்தான் பூச்சியம்.

அப்படியென்றால் அந்தப் பால்மா எங்கே போனது? மேசைக்குக் கீழே அல்ல. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். திறைசேரி வற்றியது. பிறகு கொரோனா வந்து சுற்றுலா வருமானமும் நின்றது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் கையிருப்பு 2021 முடிவில் 3.1 பில்லியன். அப்படியிருந்தும் டொலரை 200 ரூபா அளவிலேயே பிடித்து வைத்திருந்தார்கள். அந்த விலைக்கு வங்கியில் டொலர் இல்லை. டொலர் இல்லாமல் கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கின. ஐப்பசியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 945 ரூபாவாக இருந்த ஒரு கிலோ பால்மா 1,195 ஆனது. அதற்குப் பிறகும் வரிசை முடியவில்லை. ஏனென்றால் விலைக் கட்டுப்பாடு ஒரு காரணம் மட்டும்தான். டொலர் இல்லாதது பெரிய காரணம்.

அரிசி உள்நாட்டில்தானே விளைகிறது என்பீர்கள். 2021 மேயில் ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். கமக்காரர் தெருவுக்கு இறங்கிக் கத்தினார்கள். தடையை விலக்கியது நவம்பரில். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் விழுந்தது. அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது. அதற்கும் டொலர்!

பதுக்கல்காரரே இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். ஆனால் சந்திக் கடையில் தேடாதீர்கள். 2020 ஐப்பசியில் சீனி இறக்குமதிக்கான விசேட வரியை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். கடையில் சீனி அந்தளவுக்கு மலிந்ததா? இல்லை. அந்த வித்தியாசம் யாருடைய பையில் விழுந்தது? அறுவடை நேரத்தில் நெல்லை மலிவாக வாங்கி மாதக்கணக்கில் அடுக்கி வைக்கப் பணமும் களஞ்சியமும் யாரிடம் உண்டு? பத்து மூட்டை வைக்க இடமில்லாத கடைக்காரரிடமா?

எங்களையும் விடமாட்டேன். மாதம் ஒரு பக்கெற் வாங்குகிற வீடு, "இல்லாமல் போகுமாம்" என்று கேள்விப்பட்டதும் மூன்று வாங்கியது. அந்த வருடம் எங்கள் வீட்டு அலுமாரியில் பத்துக் கிலோ சீனி இருந்தது. நான் வாங்கினால் முன்யோசனை, அவன் வைத்திருந்தால் பதுக்கலோ?

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தபோது உங்களில் பலர் ஜாம்போத்தல் விளக்கில் இருந்து படித்தவர்கள். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. விலையைப் பற்றிக் கடைக்காரரோடு சண்டை பிடித்தோம்தான். ஆனால் பாதையை மூடியது யார் என்பதில் ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இப்போது பாதையை மூடுவது கடதாசி: வர்த்தமானி, வரிக்குறைப்பு, நாணயமாற்று வீதம். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் மட்டும் தெரிகிறார்.

ஆகவே கேட்பதென்றால் மேலே கேளுங்கள். எந்த ஆலையில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பதை மாதாமாதம் வெளியிடச் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் நெல் சந்தைப்படுத்தும் சபை நேரத்துக்குக் காசு கொடுத்து வாங்கிச் சேமிக்கட்டும், தட்டுப்பாடு வரும்போது அதைச் சங்கக் கடைகளுக்கு விடட்டும். மொத்த விலை மீறப்படும் இடத்தில் முதலில் சோதனை நடக்கட்டும். இதெல்லாம் செய்த பிறகும் சந்திக் கடைக்காரர் கூட விற்றால், பிடிக்க நானும் வருகிறேன்.

கடைசிப் பந்தி: அந்த மாணவனிடம் அடுத்த கிழமையே போய், அன்று நின்றதைப்போல ஆட்கள் நிற்கும் நேரம் பார்த்து, "பிழை விட்டிட்டன் தம்பி" என்றேன். சிரித்தான். அந்த வீடியோவுக்குக் கீழே எழுதிய இரண்டு பேரும் அதை அழித்துவிட்டு, உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் ஒரு பில்லை வாங்கிப் பாருங்கள். என்னோடு வாதாட விரும்புகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஆனால் செய்கை காட்டாத விடைக்கு நான் என்றைக்கும் புள்ளி போட்டதில்லை.